பாவித்த ‘தி க்ரூ’ இறுவட்டு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருகோணமலை நகரில் பாவித்த விளையாட்டு இறுவட்டுகள் விற்கும் கடையொன்றில், அக்காவின் மகனுடைய பிறந்தநாளுக்கென்று, பிளேஸ்டேஷன் 4இல் ஓடும் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டைச் சென்ற மாதம் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெராரியிலும் லம்போகினியிலும் அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை கடக்கலாம் என்று அவன் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்த விளையாட்டு அது.

சோதித்துக் காட்டும்படி கேட்டபோது, கடைக்காரர் இறுவட்டைப் போட்டு, விளையாட்டின் பெயர் திரையில் வந்ததுமே நிறுத்திவிட்டு, “இங்க வைஃபை இல்லைத் தம்பி, வீட்டில போட்டா ஓடும்” என்றார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

உவர்மலையில் அக்கா வீட்டில், சேவையகத்துடன் (இணையம் வழியாக விளையாட்டு இணையும் நிறுவனத்தின் கணினி) இணைய முடியவில்லை என்ற அறிவிப்பைத் தாண்டி எதுவும் வரவில்லை. ரவுட்டரை நான்கு தடவை நிறுத்திப் போட்டோம். என் தொலைபேசி டேட்டாவும் வீணாகியது. அக்கா பாவம், தன் வீட்டு இணைப்பைத்தான் திட்டினார். 2014 டிசம்பரில் வெளிவந்த இவ்விளையாட்டைத் தனியாக ஆடுவதற்குக்கூடச் சேவையகத்தின் தொடர்பு வேண்டும் என்பதும், அதன் விற்பனை 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, சேவையகமும் 2024 மார்ச் 31ஆம் திகதி மூடப்பட்டுவிட்டது என்பதும் தேடிப் பார்த்த பிறகே தெரிந்தது.

திருப்பிக் கொண்டுபோனபோது அவர் இறுவட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “கீறல் ஒண்டும் இல்லையே, நான் தந்த சாமான் நல்லது” என்றார். பற்றுச்சீட்டிலோ ‘கேம் 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போவதாகச் சொன்ன பிறகு 1,500 ரூபாய் தர முன்வந்தார், நான் வாங்கவில்லை.

சேவையகம் மூடப்பட்ட எல்லா விளையாட்டும் இப்படியல்ல. அதே 2014இல் வந்த ‘டிரைவ்கிளப்’பின் சேவையகம் 2020 மார்ச் 31இல் மூடப்பட்டாலும், தனியாக ஆடும் பகுதி இன்றும் ஓடுகிறது. ஆகவே கீறலைப் பார்ப்பதோடு நிற்காமல், இணைய இணைப்புக் கட்டாயம் என்று அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டில் விளையாட்டின் பெயரை எழுதுவியுங்கள். வைஃபை இல்லை என்றால் உங்கள் தொலைபேசி இணைப்பைக் கொடுத்து, கார் வீதியில் ஓடும் வரை கடையை விட்டு நகராதீர்கள்.

போன கிழமை அவ்வழியால் சென்றபோது, அதே விளையாட்டின் இன்னும் இரண்டு பெட்டிகள், அதே விலையோடு, அவருடைய கண்ணாடி அலுமாரியில் இருந்தன.