7×14 மினி லேத்தில் பெஜோ 404 எஞ்சின்: டர்பன் கராஜில் சில வருடப் பயன்பாடு

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில்: வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, அன்றைக்கே பிஸ்டன் கடையலாம் என்று நம்பி வாங்காதீர்கள். இந்த 7×14 (அங்குல அளவு) வகை மினி லேத், அதாவது சின்னக் கடைசல் இயந்திரம், பாதி செய்து அனுப்பிய மெஷின். மீதிப் பாதியை வாங்குகிறவர்தான் செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன பாகங்களைக்கூட இதில் கடைந்து எடுக்கலாம். பொறுமை இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல தூண்டில் வாங்கிக் கடற்கரைக்குப் போகலாம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். அங்கே பட்டறைகள் இருக்கும் கணபதிப் பகுதியில் வளர்ந்தவனுக்கு லேத் சத்தம் ஒன்றும் புதிதல்ல. வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து, இங்கேயே கல்யாணமாகி, இப்போது பக்கத்து இசிப்பிங்கோவில் வீடு. மனைவியின் தாத்தா ஒரு பெஜோ 404 வைத்திருந்தாராம். அந்த வீட்டுப் பழைய போட்டோக்களில் மனிதர்களைவிட அந்தக் கார்தான் அதிகம். அதை 1:8 அளவில், உள்ளே அசைய வேண்டியதெல்லாம் அசையும்படி, உலோகத்திலேயே செய்ய வேண்டும் என்றுதான் லேத் வாங்கினேன்.

404-ஐத் தெரியாதவர்களுக்கு: 1963, 1966, 1967, 1968 என நாலு முறை கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ரேலியை ஜெயித்த வண்டி. எஞ்சின் 1618 சிசி, நாலு சிலிண்டர், நேராக நிற்காமல் 45 டிகிரி சாய்ந்திருக்கும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 84 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 73 மிமீ. எட்டால் வகுத்தால் போர் 10.5, ஸ்ட்ரோக் 9.125. என் எஞ்சினில் பெட்ரோல் எரியாது. கியர்பாக்ஸுக்குள் ஒளித்த மின்மோட்டார் கிராங்கை (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டை) சுற்றும், பிஸ்டனும் வால்வும் ஏறி இறங்கும். அதனால் பிஸ்டன் ரிங், கம்ப்ரஷன் போன்ற தலைவலிகள் எனக்கில்லை.

மெஷின் விவரம் சுருக்கமாக. பெட்டுக்கு, அதாவது அடித் தண்டவாளத்துக்கு, மேல் 180 மிமீ விட்டம் சுற்றும். வேலைப்பொருளை இரு முனையிலும் தாங்கும் சென்டர்களுக்கு நடுவே 350 மிமீ. ஸ்பிண்டிலில் (சுழலும் தண்டு) எம்டி3, டெயில் ஸ்டாக்கில் (எதிர்முனைத் தாங்கி) எம்டி2 என்ற மோர்ஸ் டேப்பர் கூம்புத் துளைகள். பிரஷ் வைத்த டிசி மோட்டார். லோ கியரில் 1100, ஹை கியரில் 2500 ஆர்பிஎம் வரை போகும். எடை ஏறக்குறைய 40 கிலோ. இரண்டு பேர் இருந்தால் பக்கியிலிருந்து (பிக்கப் வண்டி) இறக்கிக் கராஜில் வைத்துவிடலாம்.

வந்தவுடன் செய்ய வேண்டியவை உண்டு. முதலில் மேலே அப்பியிருக்கும் சிவப்பு கிரீஸைப் பாரஃபின் (மண்ணெண்ணெய்) போட்டுக் கழுவ வேண்டும். அந்த கிரீஸுக்குள் இரும்புத் தூள் கிடக்கும். அப்படியே ஓட்டினால் அதுவே டூலைத் தாங்கி நகரும் சிலைடைத் தேய்த்துவிடும். அடுத்தது ஜிப், அதாவது சிலைடின் ஆட்டத்தை எடுக்கும் பட்டை. டூலை உள்ளே வெளியே நகர்த்தும் கிராஸ் சிலைடின் ஜிப் ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக, ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும். கொஞ்சம் கனமாகத் திரும்ப வேண்டும், ஆனால் எங்கும் பிடிக்கக் கூடாது. இந்த வேலைக்கு ஒரு முழு மாலை போகும். பெரிய வேலை செய்பவர்களுக்கு இது தெரியாது. 50 மிமீ கம்பியில் ஒரு மிமீ ஆழம் வெட்டும்போது சிலைடு கொஞ்சம் ஆடினாலும் வெட்டும் விசையே அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 1 மிமீ வால்வுத் தண்டில் அந்த விசை கிடையாது. ஆட்டம் முழுக்க வேலைப்பொருளுக்கே வந்து சேரும். பாகம் சிறுக்கச் சிறுக்க மெஷினிடம் எதிர்பார்ப்பு கூடும், குறையாது.

ஸ்பிண்டிலில் வந்த 6206 பால் பேரிங்கைக் கழற்றி அச்சுவாட்ட அழுத்தத்தையும் தாங்கும் 7206 ஆங்குலர் காண்டாக்ட் போட்டேன். இரண்டும் 30×62×16, ஒரே அளவு, வேறு எதையும் மாற்ற வேண்டாம். டர்பனில் பேரிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் கொடுத்தது, கம்பியைச் சுற்றிலும் சமமாக இறுக்கிப் பிடிக்கும் இஆர்32 கோலெட் சக்தான். கூட வந்த 80 மிமீ மூன்று தாடைச் சக்கில் கம்பியைப் பிடித்து டயல் கேஜ் வைத்தால் முள் 0.08 வரை ஆடியது. கோலெட்டில் 0.02-க்குள் நின்றது. 10.5 மிமீ பிஸ்டனைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடையும்போது இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் மற்ற அலங்காரமெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் வாங்குங்கள்.

கிராஸ் சிலைடு டயல் ஒரு சுற்றுக்கு 1 மிமீ, நாற்பது கோடு. ஒரு கோடு 0.025, அதாவது விட்டத்தில் 0.05. பிஸ்டனுக்கும் லைனருக்கும் (அது ஓடும் குழாய்) நடுவே 0.02 இடைவெளி வேண்டும் என்கிறபோது இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிராஸ் சிலைடுக்கு மேல் இருக்கும் டாப் சிலைடை லேத்தின் நீளவாட்டத்திலிருந்து 5.74 டிகிரி திருப்பி வைத்தால், அதில் 0.1 மிமீ நகர்த்தும்போது டூல் உள்ளே 0.01 மட்டுமே போகும். கணபதிப் பட்டறைகளில் நான் பார்த்து வளர்ந்த தந்திரம்தான். டிஜிட்டல் ரீட்-அவுட் இல்லாமலேயே பிஸ்டன்கள் எல்லாம் இப்படித்தான் சைஸுக்கு வந்தன.

டூல் விஷயத்தில் என் கட்சி எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பக்கம். மாற்றிப் போடும் வில்லையான இன்சர்ட் கார்பைடு பெரிய மெஷினுக்கு ராஜா. அதன் முனை லேசாக மழுங்கியே வரும், அழுத்தி வெட்டினால்தான் வெட்டும். அந்த அழுத்தத்தை இந்த லேத்தும் தாங்காது, ஒரு மில்லிமீட்டர் தண்டும் தாங்காது. எச்எஸ்எஸ் பிட்டை நாமே சாணை பிடித்து, ஆயில் ஸ்டோனில் முனையை நாலு தடவை இழுத்துக் கூர்மை ஏற்றினால் மயிரிழை மாதிரி சுருள் விழும். வால்வுகளுக்கு ஒரு முறை இருக்கிறது. தண்டு முழுவதையும் வெளியே நீட்டி மெல்ல மெல்லச் சீவக் கூடாது. 6 மிமீ ஸ்டெயின்லெஸ் கம்பியை மூன்று மிமீ மட்டும் வெளியே விட்டு, ஒரே வெட்டில் முழு ஆழம் போய் 1 மிமீக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னும் மூன்று மிமீ வெளியே இழுத்து மறுபடி அதே. வெட்டும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் தடித்த கம்பி இருப்பதால் வளைய வழியில்லை. வால்வுத் தலை கடைசியில் வரும்.

கிராங்க் ஷாஃப்ட்தான் இந்த மெஷினுக்கு உண்மையான பரீட்சை. நாலு சிலிண்டர் கிராங்கில் பிஸ்டன்கள் இணையும் முளைகளான எல்லாப் பின்னும் ஒரே தளத்தில், 1-ம் 4-ம் ஒரு பக்கம், 2-ம் 3-ம் எதிர்ப்பக்கம். ஆகவே உருண்டைக் கம்பி வேண்டாம், 20×10 பட்டைக் கம்பி போதும். இரண்டு முனையிலும் மூன்று மூன்று சென்டர் துளை: நடுவில் ஒன்று, அதற்கு இருபுறமும் 4.56 மிமீ தள்ளி ஒவ்வொன்று. சென்டர்களுக்கு நடுவே மாட்டி, ஒவ்வொரு ஜோடியாக மாற்றி மாற்றிக் கடைய வேண்டும். பட்டை என்பதால் டூல் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இடித்துக்கொண்டே போகும். லோ கியரில் 150 ஆர்பிஎம் பக்கம் வைத்தேன். அந்த வேகத்தில் டிசி மோட்டார் மூச்சு வாங்குகிறது. பிரஷ்லெஸ் மோட்டார் வந்த மாடல்கள் இந்த இடத்தில் நிச்சயம் மேல்.

ஒரு பின்னை முடித்தவுடன் அந்த இடைவெளியில் சரியாக அமரும் பித்தளைத் துண்டை சூப்பர் குளூ வைத்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பின்னைக் கடையும்போது சென்டர் அழுத்தத்திலேயே கிராங்க் வில்லாக வளையும். எல்லாம் முடிந்தபின் அசிட்டோனில் ஊறப்போட்டால் துண்டுகள் தானாகக் கழன்றுவிடும்.

இத்தனை செய்தும் டூல் கிறீச்சிட்டது. எதிர்வீட்டு அங்கிள், சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர், சத்தம் கேட்டு வந்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, மிஷின ஏசாதே. டூலு எவ்ளோ வெளிய நிக்குது பாரு. அந்தக் குட்டி சிலைடையும் கழட்டிப் போடு" என்றார். டாப் சிலைடைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கெட்டி இரும்புக் கட்டையை வைத்து, அதன்மேல் டூல் போஸ்ட்டை இறுக்கினோம். சத்தம் அப்படியே அடங்கியது. ஆனால் அந்த 0.01 தந்திரத்துக்கு டாப் சிலைடு வேண்டுமே! ஆகவே இன்றுவரை கிராங்க், பார்ட்டிங் (கம்பியைத் துண்டிப்பது) மாதிரி முரட்டு வேலைக்குக் கட்டை, சைஸ் எடுக்க சிலைடு என்று மாற்றி மாற்றி மாட்டுகிறேன். நாலு போல்ட் கழற்றும் வேலைதான், ஆனாலும் எரிச்சல்.

லைனர்கள் நிஜக் காரில் தனியாக உருவி எடுக்கும்படி வெட் லைனர்கள் (வெளிப்புறம் குளிர்விக்கும் தண்ணீர் படுபவை). நானும் அப்படியே வார்ப்பிரும்பில் செய்தேன். வார்ப்பிரும்பு கடைவதற்கு அருமை, எண்ணெய்கூட வேண்டாம். ஆனால் கறுப்புத் தூள் பறந்து பெட்டில் இருக்கும் எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் பசை ஆகிவிடும். பெட்டை ஃபாயிலால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் வேக்குவம் போடுங்கள். பிஸ்டனுக்கு 6082 அலுமினியம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே அலுமினிய உருட்டாலை இருக்கும் ஊர் இது, துண்டுக் கம்பிகள் சுலபமாகக் கிடைக்கும். கடைந்த சூட்டோடு மைக்ரோமீட்டர் வைக்காதீர்கள். 40 டிகிரி சூடேறினால் 10.5 மிமீ பிஸ்டன் 0.01 மிமீ விரிந்து நிற்கும். மொத்த இடைவெளியில் பாதி அதிலேயே போய்விடும்.

இனி ஊர்ப் பிரச்சினைகள். தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி நமக்கு ஊரில் பனிக்காலம், இங்கே வியர்த்துக் கொட்டும் கோடை. கடல் காற்றும் சேர்ந்து, இரண்டு நாள் துடைக்காமல் விட்டால் பெட் செம்பட்டை பூத்துவிடும். வேலை முடிந்ததும் ஸ்லைடுவே ஆயிலைத் தடவிப் பழைய பருத்தித் துணியால் மூடுகிறேன். பிளாஸ்டிக் கவர் போடவே கூடாது, உள்ளே ஈரம் கட்டும்.

லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) காலம் இன்னொரு கதை. 2023 மாதிரி மோசமான வருடம் கிடையாது. வெட்டின் நடுவே கரண்ட் போனால் ஸ்பிண்டில் நின்று டூல் வேலைப்பொருளில் குத்திக்கொண்டு நிற்கும். இந்த மெஷினில் உள்ள ஒரு நல்ல விஷயம், கரண்ட் திரும்ப வந்தாலும் தானாக ஓடாது, சுவிட்சை மறுபடி அழுத்த வேண்டும். ஆனால் கரண்ட் வரும்போது கூடவே வரும் வோல்டேஜ் குதிப்பிலிருந்து அந்த சுவிட்ச் காப்பாற்றாது. என் கன்ட்ரோல் போர்டு அப்படித்தான் போனது. விற்ற கடை முழு போர்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில் உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்க்காரர் மாஸ்ஃபெட் என்ற ஒரு சின்ன மின்னணுப் பாகத்தை மாற்றி ஓட வைத்தார். 2024 மார்ச் 26-க்குப் பிறகு பல மாதம் மின்வெட்டே இல்லாமல் இருந்தது, ஆனாலும் வேலை முடிந்தால் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை நான் விடவில்லை. கார்பன் பிரஷ் ஒரு முறை மாற்றியாயிற்று. ஹை-லோ பிளாஸ்டிக் கியரை இரும்புக்கு மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். ஏதாவது சிக்கினால் அந்த மலிவான கியர்தான் முதலில் போக வேண்டும், மோட்டார் அல்ல. ஒரு ஜோடி உபரி வாங்கி வைத்தால் போதும்.

மில்லிங்குக்கென்று கிராஸ் சிலைடில் மாட்டும் வெர்டிகல் சிலைடு மட்டும் வீண் செலவு. சின்ன பிராக்கெட்டில் காடி வெட்டலாம். எஞ்சின் பிளாக்கில் நாலு போரையும் ஒரே கோட்டில் துளைக்கும் அளவுக்கு அது நிற்காது. பிளாக்கை நண்பர் ஒருவரின் மில்லிங் மெஷினில்தான் முடித்தேன்.

இப்போது பின் ஆக்ஸில் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. 404-ல் வழக்கமான கிரவுன் வீல் இல்லை, திருகு மாதிரி வோர்ம் பல்சக்கரத்தைச் சுற்றும் வோர்ம் டிரைவ். நிஜத்தில் விகிதம் நாலுக்கு ஒன்று பக்கம் என்பதால் வோர்மில் பல தொடக்கம் (பக்கத்துப் பக்கத்தில் ஓடும் பல மரைகள்) இருக்கும். அவ்வளவு சரிவான மரையை, டூலை இழுத்துச் செல்லும் இந்த லீட் ஸ்குரூவால் இழுக்க முடியாது. நான் ஒற்றைத் தொடக்கத்தில் செய்கிறேன். சக்கரம் மெதுவாகச் சுற்றும், மூடியைப் போட்டபின் யாருக்கும் தெரியாது. 0.5 மாட்யூல் (பல்லின் அளவு) வோர்முக்கு பிட்ச் (மரை இடைவெளி) 1.5708 மிமீ வேண்டும். லீட் ஸ்குரூ 1.5 மிமீ என்பதால் அதை 22/21 மடங்காக்கினால் 1.5714 வரும், அது தாராளமாகப் போதும். 22, 21 பல் கியர்கள் பெட்டியில் இல்லை. ஆனால் 40 பல் 35-ஐச் சுற்ற, 35-ஓடு ஒரே அச்சில் இருக்கும் 55 பல் லீட் ஸ்குரூவின் 60-ஐச் சுற்றினால் கணக்கு அதேதான். இந்த நாலும் மெஷினோடு வந்த கியர்களிலேயே இருந்தன.