பளபளப்பைப் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

புதுப்பித்து முடித்த வீட்டில் குடியேறுவதற்கு முன் முழுத் துப்புரவு செய்து தருவதற்காக ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் விட்டுச்சென்ற சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, அவர்களுக்குக் கொடுத்த கூலியைவிடப் பல மடங்கு. இதே கட்டத்தில் இருப்பவர்கள் வேலையாட்களை உள்ளே விடுவதற்கு முன் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். தகராறு இன்னும் தீராததால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பேச்சு நடந்தபோது இயந்திரங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனித் திரவம் என்றெல்லாம் சொன்னார்கள். வந்ததோ சில துடைப்பங்களும், வாளிகளும், பெயர்ச்சீட்டே இல்லாத வெள்ளைக் கேன்களும்தான். அந்தக் கேன்களில் இருந்தது ஆசிட் என்பது பின்னால்தான் தெரிந்தது.

கூடத்தில் பதித்திருந்தது மார்பிள். கொத்து வேலையின்போது சிந்திய சிமென்ட் அதன்மீது ஆங்காங்கே திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அதை நீக்குவதற்குத் தண்ணீர் கலந்த ஆசிட்டைத் தரை முழுவதும் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டவுடன் நுரைத்துக் கரையும். நுரை பொங்குவதைக் காட்டி, அழுக்கு வெளியேறுகிறது என்று மேற்பார்வையாளர் என் மனைவியிடம் விளக்கம் சொல்லியிருக்கிறார். வெளியேறியது கல்தான். ஈரம் இருந்தவரை தரை மின்னியது. முழுவதும் காய்ந்து, மறுநாள் காலை வெயில் விழுந்தபோதுதான் மெருகு போய் மங்கிய வட்டங்களும் வழிந்த தடங்களும் தெரிந்தன. இந்தச் சேதம் எந்தத் திரவத்தாலும் துடைத்தால் போகாது. கல்லின் மேற்பரப்பையே மறுபடி இழைத்து மெருகேற்ற வேண்டும்.

குளியலறையில் நடந்தது இதைவிட மெதுவாக வெளிப்பட்டது. பீங்கான் டைல்களுக்கு அதிகப் பாதிப்பில்லை. ஆனால் அவற்றின் இடைவெளியை அடைத்திருந்த சிமென்ட் கிரவுட் அரிக்கப்பட்டு, விரலால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது. ஜன்னலை மூடிவைத்து வேலை செய்ததால் எழுந்த ஆவி, ஆசிட் நேரடியாகப் படாத குழாய்களையும் கதவுக் கீல்களையும் தாக்கியிருக்கிறது. சில வாரங்களில் அவற்றின்மீது பழுப்புப் புள்ளிகள் தோன்றின. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் பொருளும் இத்தகைய ஆசிட் ஆவியில் உள்ள குளோரைடுக்குத் தப்புவதில்லை. அதே அறையில் அவர்கள் பிளீச்சிங் பவுடரையும் வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. அதுவும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஜன்னல் கண்ணாடிகளில் படிந்திருந்த சிமென்ட் தூசியையும் பெயிண்ட் துளிகளையும் உலர்ந்த நிலையிலேயே பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள். அந்தத் தூசியில் நுண்மணல் உண்டு. நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவாமல் எதைக் கொண்டு தேய்த்தாலும் அது கண்ணாடியைக் கீறிவிடும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; சாய்ந்த வெயிலில் மயிரிழை போன்ற கோடுகள் நூற்றுக்கணக்கில் தெரிகின்றன.

தூசியை அகற்றிய விதமும் அப்படித்தான். பட்டித் தூளையும் சிமென்ட் தூளையும் துடைப்பத்தால் பெருக்கினால் அது காற்றில் எழுந்து மீண்டும் அலமாரிகளிலும் மின்விசிறி இறக்கைகளிலும் படிந்துவிடும். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய வேக்குவம் கிளீனரால் மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுத்து, தூசி அடங்கிய பிறகு ஈரத்துணியால் மறுபடி துடைப்பதே முறை. பெருக்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவருக்குக்கூட முகக்கவசம் தரப்படவில்லை. மணலில் உள்ள சிலிக்கா என்னும் பொருள் கலந்த இத்தகைய தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் வரக்கூடும், அதற்குத் தீர்வான மருத்துவம் இல்லை. எனக்கு நேர்ந்தது பண நட்டம். அவர்களுக்கு நேர்வது வேறு.

கழுவிய குழம்பையெல்லாம் தரை வடிகாலிலேயே தள்ளிவிட்டதும் பின்னர் தெரிந்தது. சிமென்ட் தண்ணீருக்கு அடியிலும் இறுகும் பொருள் என்பதால், வடிகாலின் வளைவில் அது கல்லாகிவிட்டது. புதுத் தரையை உடைத்துத்தான் குழாயை மாற்ற முடிந்தது.

முறையிட்டபோது, ஆசிட்டே பயன்படுத்தவில்லை என்றார்கள். கேன்களின் படத்தைக் காட்டியதும், கறை போக வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானே என்று பேச்சு மாறியது. ஒப்படைப்பை விளக்கு வெளிச்சத்தில், தரை ஈரமாக இருக்கும்போது வைத்ததும், ‘பணி திருப்தி’ என்ற தாளில் அப்போதே கையெழுத்துக் கேட்டதும் தற்செயல் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, ஆள் அமர்த்துவோர் எந்தப் பரப்பில் எந்தத் திரவம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத கேன் வாசலைத் தாண்ட வேண்டாம். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துக் காட்டச் சொல்லி, அது காய்ந்த பிறகு பாருங்கள். ஒப்படைப்பு பகலில், தரை உலர்ந்த நிலையில் நடக்கட்டும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். துரு உடனே தெரியாது என்பதால், மீதித் தொகையைச் சில வாரங்கள் கழித்தே தருவதாக முன்னதாகவே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; இதற்கு மறுப்பவர்களிடம் வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் கூடத்தை மறுமெருகேற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. கீறிய கண்ணாடிகளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கண்ணாடி வேலை செய்பவர் சொல்லிவிட்டார். நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அனுப்பிய கோரிக்கைக்குப் பதிலாக, அடுத்த முறை துப்புரவுக்குக் கட்டணச் சலுகை தருவதாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கிறது.