கஞ்சாவும் வாக்குச்சீட்டும்: பேலட்பீடியா தளம் பற்றிய மதிப்புரை

பிள்ளைகளை அமெரிக்காவிற்குப் படிக்க அனுப்பும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில், அங்கே கஞ்சாவைச் சட்டமே அனுமதிக்கிறதாமே என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வாட்ஸ்அப் செய்திகளை நம்பாமல் விடை தேட விரும்புவோருக்கு, லாப நோக்கமற்ற அமைப்பொன்று இலவசமாக நடத்தும் பேலட்பீடியா என்ற அமெரிக்கத் தேர்தல் கலைக்களஞ்சியத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மாநில வாக்குச்சீட்டில் இடம்பெறும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் இத்தளத்தில் தனிப் பக்கம் உண்டு. 21 வயது நிறைந்தோர் மூன்று அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருக்க வழிசெய்யும் ஃபுளோரிடா மாநில அரசியலமைப்பின் மூன்றாம் திருத்த முன்மொழிவு 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை வாக்குச்சீட்டில் ஏற்ற, வாக்காளர்களின் செல்லுபடியாகும் 891,523 கையெழுத்துகள் தேவைப்பட்டன. வாசகத்தை மாநில உச்ச நீதிமன்றமும் ஏற்க வேண்டியிருந்தது. சுமார் 56 விழுக்காட்டினர் ஆதரித்தும், அரசியலமைப்புத் திருத்தத்திற்கு 60 விழுக்காடு தேவை என்பதால் அது தோற்றது. மாறாக, 2023இல் ஒஹாயோவில் இத்தகைய முன்மொழிவு சாதாரணச் சட்டமாகக் கொண்டுவரப்பட்டதால் ஏறத்தாழ 57 விழுக்காட்டிலேயே வென்றது. ஆனால் அதைச் சட்டமன்றம் பின்னர் திருத்திவிடலாம். நம் நாட்டின் ஒரே பொது வாக்கெடுப்பு, மலேசிய இணைப்பு குறித்து 1962இல் அரசாங்கமே நடத்தியது என்பதால், மனுவழியே குடிமக்கள் ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றும் இந்த முறை நமக்குப் புதிதாகவே தோன்றும்.

இத்தளத்தின் உண்மையான பலம் பிரசார நிதிப் பகுதிதான். குடிமக்கள் முயற்சி என்றதும் தெருமுனையில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கும் தொண்டர்களே நினைவுக்கு வருவார்கள். ஃபுளோரிடா முயற்சிக்கோ, ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுவரும் ட்ரூலீவ் என்ற ஒரே நிறுவனம் 14 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. ஆளுநர் ரான் டிசாண்டிஸ் தலைமையில் எதிர்த்த தரப்பும் வெறுங்கையுடன் நிற்கவில்லை. நன்கொடையாளர் பட்டியலோடு நில்லாமல், கையெழுத்து திரட்டக் கொடுத்த கூலியையும், தேவைப்பட்ட கையெழுத்து ஒன்றுக்கு ஆன செலவையும் இத்தளம் கணக்கிட்டுக் காட்டுகிறது. மக்களின் விருப்பமும் வணிகத்தின் விருப்பமும் எங்கே ஒன்றுசேர்கின்றன என்பதை, எந்தப் பக்கமும் சாயாமல் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு தளத்தை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. பக்கங்கள் மிக நீளமானவை. சட்ட வாசகம் அப்படியே தரப்படுவதால், ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்களுக்கும் அயர்ச்சி ஏற்படும். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டரசுச் சட்டப்படி கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருளே என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான் என்பதையும், பத்தாண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதையும் அமெரிக்க வாக்காளருக்காக எழுதப்பட்ட பக்கத்தில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தளத்தையும் உடன் பார்ப்பது நல்லது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் நிதிப் பகுதியை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு ஆதரவு, எதிர்ப்பு வாதங்களுக்குச் செல்லலாம்.