துபாயில் வேட்டைப் பறவைப் பயிற்சி வகுப்பு: போகலாமா?

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்திலிருந்து வளைகுடாவில் நிறையப் பேர் வேலை பார்க்கிறீர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். வேட்டைப் பறவையைக் கையில் ஏந்திப் பறக்கவிடக் கற்றுத்தரும், துபாய்க்கு வெளியே பாலைவனத்தில் நடக்கும் தொடக்கநிலை வகுப்பு இது. கட்டணம் அதிகம், ஆனாலும் தாராளமாகப் போகலாம்.

எல்லோருக்கும் சேக்கர், பெரக்ரின் மாதிரி ஃபால்கன்கள் (வல்லூறுகள்) மேல்தான் கண். பயிற்சியாளரோ புதியவர் கையில் ஹாரிஸ் ஹாக்கைத்தான் கொடுக்கிறார், அது ரொம்பச் சரி. அமெரிக்கக் கண்டத்துப் பறவை, காட்டிலேயே கூட்டமாக வேட்டையாடும் பழக்கம் உள்ளது என்பதால் மனிதரோடு சீக்கிரம் ஒத்துப்போகும், நாம் கொஞ்சம் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். சின்னதாக இருக்கிறதே என்று கெஸ்ட்ரல் என்ற குட்டி ஃபால்கனைக் கேட்காதீர்கள். அது சுமார் 200 கிராம்தான், தீனியில் சில கிராம் குறைந்தாலே உயிருக்கு ஆபத்து. பறக்கவிடும் முன் ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துப் பார்ப்பதை அங்கே நிதானமாகக் கற்றுக்கொடுத்தார்கள், எனக்கு அதுதான் பிடித்தது.

குறை என்றால், படம் எடுப்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது. அப்புறம் நோய், இறகு உதிர்வு பற்றிக் கேட்டால்தான் சொல்கிறார்கள், கேளுங்கள்.

ஊருக்கு வந்து வைரியை (நம்மூர்ச் சின்ன வேட்டைப் பறவை) பிடித்துப் பழக்கலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆசை இருந்தால் பைனாகுலரோடு சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குப் போங்கள். துபாய் வகுப்புக்குக் குளிர்காலம்தான் நல்லது, கோடை வெயில் பறவைக்கும் ஆகாது.