முக்கோணச் சமனின்மை: ஒரு ஜிஆர்இ காணொளிப் பாடம், மதிப்புரை

பட்டமேற்படிப்பில் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காகக் கட்டணம் செலுத்திச் சேர்ந்த இணையவழிக் கணிதப் பயிற்சியில், கொடுத்த பணத்துக்கு ஈடானது முக்கோணச் சமனின்மை பற்றிய பாடம்தான். இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிட அதிகம் என்ற விதியை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், 5, 9 அலகு நீளமுள்ள இரு கோடுகளை ஒரு முனையில் இணைத்துத் திரையில் மெல்ல விரித்துக் காட்டுகிறார்கள். இடைக்கோணம் பூச்சியத்தை நெருங்கும்போது மூன்றாம் பக்கம் 4-ஐயும், 180 டிகிரியை நெருங்கும்போது 14-ஐயும் அணுகுமே தவிரத் தொடாது என்பது அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. ஆகவே அப்பக்கம் முழு எண் எனில் 5 முதல் 13 வரை ஒன்பது மதிப்புகளே உண்டு. எல்லைகளையும் சேர்த்துப் பதினொன்று என்பவர்களுக்காகவே இத்தகைய வினாக்களில் அந்த விடையும் காத்திருக்கும்.

இரு பக்கங்கள் 4, 9 என அமைந்த இருசமபக்க முக்கோணத்தின் சுற்றளவு 22 மட்டுமே, 17 ஆகாது (4, 4, 9 கொண்டு முக்கோணமே அமையாது) என்ற கணக்கும் அருமை.

பயிற்சி வினாக்கள்தான் போதவில்லை. குறிப்பாக, இவ்விதி அதிகம் உதவும் அளவு ஒப்பீட்டு வினாக்களை (இரு அளவுகளில் எது பெரியது என்று கேட்பவை), படங்கள் அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டியதில்லை என்ற எச்சரிக்கையோடு அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். வடிவியல் பகுதியைத் தனியாக விற்றால் தயங்காமல் வாங்கலாம். முழுத் தொகுப்புக்கு விலை அதிகம்.