எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட்: ரிப்பீட்டர் எட்டாத ஊருக்கு

டிஎம்ஆர் (டிஜிட்டல் குரல் ரேடியோ முறை) கைக்கருவி வைத்திருந்தும், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் எட்டாத ஹாம்களுக்கு (அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு) எம்எம்டிவிஎம் என்ற இந்தக் குட்டி ரேடியோப் பலகை தாராளம். ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினி மேல் செருகி, பை-ஸ்டார் மென்பொருள் எழுதிய எஸ்டி கார்டைப் போட்டால் இணையம் வழியே டிஎம்ஆர் கருவிகளை இணைக்கும் பிரேண்ட்மீஸ்டர் வலையில் சேரலாம். வெளியீடு சுமார் 10 மில்லிவாட்தான்; வீட்டுக்குள் போதும், தெருமுனையில் தடுமாறும்.

தலைவலி அலைவெண் விலகல். படிகம் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நின்றாலே குரல் ரோபோபோல நொறுங்கும், சில சமயம் கருவியையே கண்டுகொள்ளாது. பேசியதைத் திருப்பி ஒலிக்கும் சோதனை எண்ணான 9990-க்கு பிரைவேட் கால் போட்டுப் பேசி, பை-ஸ்டார் டாஷ்போர்டில் பிஇஆர் (பிழையான பிட்களின் விகிதம்) பாருங்கள். ஆர்எக்ஸ் ஆஃப்செட்டை (பெறும் அலைவெண்ணின் திருத்தத்தை) ஐம்பது ஐம்பது ஹெர்ட்ஸாக நகர்த்தி, பிஇஆரை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். டிஎக்ஸுக்கும் (அனுப்பும் பக்கத்துக்கும்) பெரும்பாலும் அதே எண் பொருந்தும்.

கைக்கருவியில் ஸ்லாட் 2 (டிஎம்ஆரின் இரு நேரப் பகுதிகளில் இரண்டாவது) வைக்க மறக்காதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை இந்தப் பை பிடிக்காது. உலகப் பொது டாக்குரூப் (பலர் சேர்ந்து பேசும் குழு எண்) 91-இல் எப்போதும் சந்தைக்கடைதான், இந்தியாவுக்கு 404.