களிமண்ணு, உப்புக்காத்து, காங்கிரீட்டு: 11 வருசம் குடியிருந்த அனுபவம்

2014 தை மாசம் பால் காய்ச்சினோம், இப்ப 11 வருசம் முடிஞ்சு 12 நடக்குது. ராம்நாடு கடற்கரைப் பக்கம் வீடு கட்டுறவங்க யாரைப் பாத்தாலும் எந்த சிமெண்ட் நல்லது, எந்தக் கம்பி நல்லதுன்னுதான் கேக்குறாங்க, கம்பிக்கு மேல எத்தனை எம்எம் காங்கிரீட் நிக்கும், எந்தத் தண்ணியில குழைக்கப் போறீங்கன்னு ஒருத்தர்கூட கேக்குறதில்ல. அதுக்காகத்தான் எங்க வீட்டுல எது நின்னுச்சு எது போச்சுன்னு எழுதுறேன்.

எங்க வீடு தேவிபட்டினம் பக்கம். கடல் நேர் கோட்டுல ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். வாடைக்காத்து வீசுற நாள்ல ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்குல வச்சா உப்புக் கரிக்கும். மண்ணு நல்ல களி. சித்திரை வைகாசியில வெடிப்புல கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும், ஐப்பசி மழை விழுந்து பத்து நாள்ல அந்த வெடிப்பெல்லாம் மூடி தரை உப்பி நிக்கும். வீட்டுக்காரர் அப்ப சவூதில இருந்தாக, அதனால வானம் தோண்டுனதுல இருந்து பூச்சு வேலை வரைக்கும் நான்தான் நின்னு பாத்தேன்.

மொதல்ல அஸ்திவாரம். பக்கத்துல எல்லாரும் நாலடி தோண்டி கருங்கல்லு கட்டி மேல பெல்ட் (சுவருக்கு அடியில ஓடுற கம்பி போட்ட காங்கிரீட் பட்டை) போட்டுட்டாங்க, எங்களுக்கு பிளான் போட்ட இன்ஜினியர் மண்ணை ஒரு பிடி அள்ளி உருட்டி நாடா மாதிரி இழுத்துப் பாத்துட்டு இதுக்கு அண்டர் ரீம் பைல்தான்னு சொல்லிட்டாரு. 12 அடி ஆழத்துக்கு ஒரு அடி விட்டத்துல துளை, அடியில குடம் மாதிரி ரெண்டரை மடங்கு அகலமா ஒரு பல்பு, உள்ள கம்பி வச்சு காங்கிரீட் நிரப்புனா அது ஒரு பைல், அப்படி 22 பைல். கோடைக்கும் மழைக்கும் ஈரம் ஏறி இறங்குறது மேல உள்ள மண்ணுலதான், அந்த ஆழத்துல அவ்வளவா மாறாது, அதனால மேல மண்ணு என்ன ஆட்டம் போட்டாலும் பல்பு கீழ கவ்விப் பிடிச்சுக்கும். இதை ரூர்க்கியில இருக்கிற சிபிஆர்ஐல (மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம்), இதே மாதிரி உப்பிச் சுருங்குற நம்ம நாட்டுக் கரிசல் மண்ணுக்காகவே ஆராய்ஞ்சு வளத்திருக்காங்க. பைல் தலைகளை இணைச்சு போடுற பெல்ட்டுக்கு அடியில 3 இஞ்ச் காலியா விட்டோம். மண்ணு உப்பினா பெல்ட்டை முட்டக்கூடாதாம், அதுக்குத்தான் அந்த இடைவெளி.

அப்ப ஊர்ல எல்லாரும் என்னம்மா வீடு அந்தரத்துல நிக்குதுன்னாங்க. பின்பக்கம் ஒரு இடத்துல மட்டும் பலகைக்கல்லைச் சும்மா சாத்தி வச்சிருக்கோம், எடுத்துப் பாக்கலாம். கோடையில கை தாராளமா உள்ள போகும். 2024 நவம்பர் 20ம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செமீ தாண்டி கொட்டுச்சே, அந்த மழைக்காலம் முடிஞ்சு கல்லை எடுத்துப் பாத்தா ரெண்டு விரல்தான் போச்சு. மண்ணு அவ்வளவு ஏறி வந்திருக்கு. வீட்டுக்குள்ள சுவத்துல ஒரு மயிரிழை வெடிப்புகூட இல்ல. பைலுக்கு செலவு பண்ண ஒரு ரூபாயும் வீண் போகலன்னு அன்னைக்கு மனசார தோணுச்சு.

ஆனா அதே மண்ணுல காம்பவுண்டு சுவருக்கு மட்டும் கை இறுக்கிட்டோம். ரெண்டடி தோண்டி கல்லுப் போட்டு எழுப்புனது, ரெண்டாவது கோடையிலேயே படிக்கட்டு மாதிரி கோணல் கோணலா வெடிச்சிருச்சு. மோசமா வெடிச்ச இடம் வேப்பமரத்துக்கிட்ட, மரம் கோடையில அடி மண்ணுல உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிருது, அந்த இடம் மட்டும் கூடுதலா சுருங்கி சுவரை இழுக்குது. கார் ஏத்த போட்ட சாய்தளமும் அப்படித்தான், களிமண்ணு மேல நேரா ஜல்லியைக் கொட்டி காங்கிரீட் போட்டாங்க, நடு வகுந்த மாதிரி பிளந்து ஒரு பக்கம் ஒரு இஞ்ச் தூக்கி நிக்குது.

இதை எங்க அக்கா மகன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், அவன் கனடாவுல வின்னிபெக்ல இருக்கான். சித்தி இங்கயும் இதே கததான்னு அவன் வீட்டு அண்டர்கிரவுண்டை வீடியோவுல காட்டுனான். அந்த ஊரு மண்ணும் களிதான், பல்லாயிரம் வருசம் முந்தி அகாசிஸ்னு ஒரு பெரிய பனியுக ஏரி இருந்துச்சாம், அதோட அடியில படிஞ்ச களி. தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், அதுக்கு மேல குளிர்ல மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு வேற தூக்குமாம். தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருகும், களிமண்ணு கீழ இருந்து தண்ணியை இழுத்து இழுத்து பனிக்கட்டித் தகடு தகடா சேத்துக்கும். அவன் வீட்டுக்குக் கீழ வரிசையா இரும்புத் தூணு நிக்குது, தலையில திருகு வச்சது, வீடு ஒரு பக்கம் ஏறுனா திருகி இறக்கிக்கலாம், தாழ்ந்தா ஏத்திக்கலாம். அதைப் பாத்து நான் அசந்து போயிட்டேன். மண்ணு அசையும்னு ஒத்துக்கிட்டு அதுக்கு வழி பண்ணி வச்சிருக்காங்க பாருங்க, நாம பெல்ட்டுக்கு அடியில விட்ட 3 இஞ்சும் அதே யோசனைதான்.

அவங்க கார் தளத்துக்குப் போடுற காங்கிரீட்டுல கண்ணுக்கே தெரியாத காத்துக் குமிழி 5ல இருந்து 8 சதவீதம் வரைக்கும் வேணும்னே சேப்பாங்களாம், உள்ள இருக்கிற தண்ணி உறையும்போது விரியுறதுக்கு அது இடம் குடுக்கும். ரோட்டுல பனி உருக உப்பு கொட்டுறாங்க, ஆனா புதுசா போட்ட தளத்துக்கு மொத குளிர்காலம் உப்பு போடாம மணல்தான் தூவணுமாம். நமக்குக் குமிழியெல்லாம் தேவையில்ல, உறையறதுக்கு இங்க என்ன இருக்கு. உப்பு மட்டும் ரெண்டு ஊருக்கும் பொது. அங்க லாரியில வருது, இங்க காத்துலயே வருது. அவன் சொன்ன இன்னொன்னையும் உடனே செஞ்சோம், வீட்டைச் சுத்தி மூணடிக்கு வெளிப்பக்கம் சரியுற மாதிரி தளம், மொட்டைமாடித் தண்ணிக் குழாயை சுவரோரம் விடாம பத்தடி தள்ளிக் கொண்டு போய் விட்டது. செலவு கொஞ்சம்தான், சாய்தளம் மேற்கொண்டு தூக்குறது அதோட நின்னுருச்சு.

இப்ப தண்ணி. எங்க போர் தண்ணி பல்லு விளக்கக்கூட ஆகாது. ராம்நாட்டுல லேபுக்குக் குடுத்துப் பாத்தப்ப உப்புல இருக்கிற குளோரைடு லிட்டருக்கு 1,900 மில்லிகிராம், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது அதுதான். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456ல (காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) 500தான் எல்லை. அதனால காங்கிரீட் குழைக்க எல்லாத்துக்கும் லாரி தண்ணி வாங்குனோம். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 22 லிட்டருக்கு மேல ஊத்தக்கூடாதுன்னு இன்ஜினியர் பக்கெட்டுல பெயிண்ட்ல கோடு போட்டுக் குடுத்துட்டாரு. மேஸ்திரி அண்ணன் நல்ல மனுசன், ஆனா தங்கச்சி கலவை இறுகலா இருக்கு தள்ள முடியல, ஒரு வாளி ஊத்திக்கிறேன்னு தளம் போட்ட அன்னைக்கு நூறு தடவை கேட்டாரு. நான் மிக்சர் மெஷின் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்துட்டேன். இளக்கிக் குடுக்குற அட்மிக்சர் ஊத்தி, வைப்ரேட்டர் விட்டு, அந்த 22 லிட்டரிலேயே முடிச்சோம். கூடுதலா ஊத்துற தண்ணி பின்னாடி ஆவியா போயிரும், அது இருந்த இடம் பூரா நூல் நூலா துவாரமா நிக்கும், அந்தத் துவாரத்துலதான் உப்பு நடந்து போய்க் கம்பியைத் தொடும். சிமெண்டு ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடை அரைச்சுக் கலந்தது), மதுரையில இருந்து வரவழைச்சது, உப்பு உள்ள போறதை நல்லா தடுக்கும், ஆனா மெதுவா இறுகும், அதனால பாத்தி கட்டி 14 நாள் நல்ல தண்ணி நிறுத்துனோம்.

அடுத்தது கவர். கம்பிக்கும் வெளிப் பரப்புக்கும் நடுவுல உள்ள காங்கிரீட் கனம்தான் அது. கடலோரக் கட்டடத்துக்கு ஐஎஸ் 456 கேக்குறது எம்30 கலவை (எம் பக்கத்துல உள்ள எண்ணு காங்கிரீட்டோட பலம்), 45 எம்எம் கவர். வெளிக்காத்துப் படுற தூண், பீமுக்கெல்லாம் அந்த 45, உள்தளத்துக்கு 30 வச்சோம். கம்பி கட்டுறவங்க ஜல்லித் துண்டையோ டைல்ஸ் சில்லையோ அடியில சொருகுவாங்க, நடந்து மிதிச்சா நகந்துரும், கம்பி போய் பலகையில உக்காந்துரும். நாங்க அதே கலவையில கவர் பிளாக் வாத்து, உள்ள கட்டுக்கம்பி வச்சு, ஒவ்வொண்ணையும் கட்ட வச்சோம்.

இவ்வளவும் பண்ணுன வீட்டுல கிழக்குப் பக்க சன்சேடு மட்டும் தப்பிருச்சு. அந்த வாரம் எங்க மாமியாருக்கு உடம்பு முடியாம மதுரை ஆஸ்பத்திரியில இருந்தேன், ஆளு வேற, மேஸ்திரியும் இல்ல. ஆறாவது வருசம் ஒருநாள் விடியக்காலம் வாசத் தெளிக்கப் போனா கீழ ஒரு துண்டு விழுந்து கிடக்கு, உள்ளங்கை அளவு. எடுத்துத் திருப்பிப் பாத்தேன், ஒரு பக்கம் சுண்ணாம்பு அடிச்ச வெளிப்பக்கம், மறுபக்கம் கம்பி படுத்திருந்த தடம், குழிவா, செங்காவி நெறத்துல. கனம் என் கட்டைவிரல் நகம் அகலம்கூட இல்ல. மேல அண்ணாந்து பாத்தா 8 எம்எம் கம்பி வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு உரிஞ்சு தொங்குது, விரலால தொட்டா பொலபொலன்னு கொட்டுது. துரு இரும்பைவிட பல மடங்கு இடம் எடுத்துக்கும், அதுதான் உள்ள இருந்து காரையைத் தள்ளி விடுது. விசாரிச்சா அந்த சன்சேடு குழைச்சதும் நனைச்சதும் போர் தண்ணியிலயாம், லாரி வர லேட்டாச்சுன்னு மோட்டாரைப் போட்டுட்டாங்க. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல, அந்தத் துண்டு விழுந்த இடத்துலதான் எங்க மாமியார் காலையில உக்காருவாக.

அதைச் சரி பண்ணுனதுலயும் ஒரு பாடம் படிச்சோம். ஒரு கட்டட ரிப்பேர் ஆளுங்க வந்து விழுந்த இடத்தை மட்டும் கொத்தி, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேச்சு, துத்தநாக பிரைமர் அடிச்சு, பாலிமர் கலந்த கலவை வச்சுப் பூசிட்டு 18 ஆயிரம் வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு வருசத்துல ஒட்டுப் போட்ட இடம் அப்படியே இருக்கு, அதுக்கு ஒட்டுன மாதிரி ரெண்டு பக்கமும் புதுசா துருக் கோடு. இன்ஜினியர்கிட்ட கேட்டப்பதான் சொன்னாரு, பழைய காங்கிரீட்டுல உப்பு ஏற்கெனவே ஊறிப் போயிருக்கு, மொதல்ல துருப்பிடிச்ச இடம் பக்கத்துக் கம்பியைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு, அதைப் புதுசாக்குனதும் பக்கத்துல ஆரம்பிச்சிரும், பேட்டரி மாதிரித்தான் வேலை செய்யும்னு. அந்த சன்சேடை முழுசா வெட்டி எடுத்துட்டு ஷீட் போட்டுட்டோம், கம்பி நீட்டிக்கிட்டு இருந்த இடத்தை ஆழமா கொத்தி அடைச்சாச்சு. உப்புத் தண்ணியில குழைச்சதை ஒட்டுப் போட்டு மீட்க முடியாதுங்கிறதுல எனக்கு இப்ப சந்தேகமே இல்ல.

எங்க அம்மாச்சி வீடு பெரியபட்டினத்துல பவளக் கல்லும் சுண்ணாம்புக் காரையுமா இன்னும் நிக்குது. உள்ள கம்பியே கிடையாது, அப்புறம் துரு எங்க இருந்து வரும். அந்தக் கல்லை எடுக்க இப்ப தடை, தடை இருக்கிறதுதான் நல்லது. பாம்பன்ல 1914ல தொறந்த ரயில் பாலத்தை எத்தனை வருசம் சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சுக் காப்பாத்துனாங்கன்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் துருவைத் தடுக்குற பாலிசிலோக்சேன்ங்கிற பெயிண்ட் பூச்சும் போயிருக்கு. நம்மளால அதெல்லாம் முடியாது, 45 எம்எம் காங்கிரீட்டும் நல்ல தண்ணியும் முடியும்.

மொட்டைமாடி தட்டோடு, தண்ணித் தொட்டி, உள்பூச்சு எல்லாம் நல்லா இருக்கு, தரையோரம் ஓரடிக்கு உப்புப் பூத்தது மட்டும் வருசா வருசம் சுரண்டி சுண்ணாம்பு அடிக்கிறேன், அந்த இடத்துக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா பொதபொதன்னு உப்பி உரிஞ்சிருது.

காம்பவுண்டு வெடிப்புக்குக் குறுக்க பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதிக்கிட்டு வர்றேன், வைகாசியில விரல் போற வெடிப்பு மார்கழியில அஞ்சு ரூபா நாணயம் கனத்துக்கு வந்துருது. வர்ற மாசி மாசம் வேப்பமரத்துக்கிட்ட உள்ள இருபதடியைப் பிரிச்சு, ஆறு பைல் இறக்கி, மேல பெல்ட் போட்டுக் கட்டப் போறோம். மரத்தை வெட்டச் சொல்றாங்க, எனக்கு மனசு வரல, சுவரை நாலடி உள்ள தள்ளிக்கிறோம். மேஸ்திரி அண்ணன்கிட்ட பேசியாச்சு, லாரி தண்ணிக்கும் சொல்லி வச்சாச்சு, அந்த முக்காலியையும் பரண்ல இருந்து இறக்கி வச்சிருக்கேன்.